காந்தப்புலத்தில் கருந்துளை: எதற்குரிய துல்லியம்?

சீரான காந்தப்புலத்தில் சுழலும் கருந்துளைக்குப் பொடோல்ஸ்கியும் ஒவ்சரென்கோவும் 2025இல் வெளியிட்ட தீர்வுக்குப் பின், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளையும் மாக்ஸ்வெலின் மின்காந்தச் சமன்பாடுகளையும் தோராயமின்றி ஒருங்கே நிறைவுசெய்யும் துல்லியத் தீர்வுகளின் மதிப்பு மீண்டும் உயர்ந்துள்ளது. இம்மதிப்பின் வேரில் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் நிற்கிறார். சுழலும் கருந்துளைக்குக் கெர் 1963இல் கண்ட தீர்வு விண்ணிலுள்ள எண்ணற்ற கருந்துளைகளை அப்படியே விவரிக்கிறது என்ற உணர்வே தம் அறிவியல் வாழ்வை மிகுதியும் உலுக்கியது என்றவர் அவர். நிறை, சுழற்சி, மின்னூட்டம் என்னும் மூன்றே அளவுகளில் கருந்துளையை அடக்கிய 1965இன் கெர்–நியூமன் தீர்வின் அருமையும், கணினிக் கணக்கீடுகளுக்குத் துல்லியத் தீர்வுகள் உரைகல்லாவதும் மறுக்கத்தக்கன அல்ல.

ஆனால் சந்திரசேகரின் வியப்பு தனித்து நிற்கும் கருந்துளைக்குரியது. நெடுந்தொலைவில் ஈர்ப்பு அடங்கிக் காலவெளி தட்டையாகும் என்பது அதன் அடித்தளம். எர்ன்ஸ்ட் 1976இல் வகுத்த முறையோ கருந்துளையை மெல்வின் அண்டத்தில், அதாவது தன் ஆற்றலின் ஈர்ப்பாலேயே கட்டுண்டு முடிவிலிவரை நீளும் காந்தப்புலத்தில் வைக்கிறது. தட்டையான தொலைவே இல்லாத அங்கே, கருந்துளையின் நிறை எவ்வளவு என்ற எளிய வினாவுக்கும் நேரான விடை கிடைப்பதில்லை. சுழலும் தீர்வு தொலைவில் மெல்வின் அண்டத்தோடு ஒன்றிவிடும் என்று பல்லாண்டுகள் நம்பப்பட்டது. மின்னூட்டம் ஒரு குறிப்பிட்ட மதிப்பை ஏற்றாலன்றி, எப்பொருளும் அசையாது நிற்கவியலாத எர்கோ மண்டலம் முடிவிலிவரை பரவுகிறது என்று கிப்பன்ஸ், முஜ்தபா, போப் ஆகியோர் 2013இல் காட்டிய பின்னரே அந்நம்பிக்கை தகர்ந்தது. வாய்பாட்டில் ஓர் எழுத்தும் பிழையில்லை. பிழை, அது எந்த அண்டத்தைப் பேசுகிறது என்று ஆராயாமல் விட்டதில். 2025இன் தீர்வு வடிவில் எளியதுதான். எனினும் அதன் பின்னணியான பெர்டோட்டி–ராபின்சன் வெளியும் தட்டையாவதில்லை.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பை அறிவிக்குமுன், பார் எனப்படும் கடலடித் திட்டுகளிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பின்னரே முடிவெடுத்தனர். இத்தீர்வுகளின் பயனையும் அவ்வாறு மாதிரிகொண்டு சோதிக்க எம்87 விண்மீன்திரளின் மையக் கருந்துளை வாய்ப்பளிக்கிறது. ஏறத்தாழ 650 கோடிச் சூரிய நிறைகொண்ட அதனருகே புலத்தின் வலிமை 1 முதல் 30 காஸ் என்று நிகழ்வு எல்லைத் தொலைநோக்கிக் குழு 2021இல் மதிப்பிட்டது. புலத்தின் ஈர்ப்பு கருந்துளையின் ஈர்ப்புக்கு ஈடாக வேண்டுமாயின் 300 கோடி காஸுக்கும் மேல் தேவை. அதில் பத்துக்கோடியில் ஒரு பங்கையும் எட்டாத புலத்தின் ஈர்ப்பைக் கணக்கில் கொள்ளவே இவ்வளவு துல்லியமும் செலவாகிறது. கெர் காலவெளியை மாற்றாமல் அதன்மேல் புலத்தைப் பரப்பிய வால்டின் 1974ஆம் ஆண்டுக் கணக்கு இங்கே எதையும் இழப்பதில்லை; புலத்தில் சுழலும் கருந்துளை எவ்வளவு மின்னூட்டத்தை ஈர்க்கும் என்பதையும் அதுவே முதலில் சொன்னது. எம்87இன் புலத்தைச் சுமப்பது கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் பிளாஸ்மா. மேற்கூறிய தீர்வுகளிலோ பிளாஸ்மாவுக்கு இடமே இல்லை.