பார் வாசலில் ஒரு கேள்வித்தாள்

பாருக்கு வருபவர்களில் போதைப்பொருள் எடுப்பவர்கள் யார் என்று ஆராயும் கட்டுரைகளில் ஒரு முடிவு அடிக்கடி வரும்: கிளர்ச்சியைத் தேடும் சுபாவம் உள்ளவர்கள்தான் அதிகம் எடுக்கிறார்கள். 'இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?' என்று தோன்றும். எனக்கு உறுத்துவது அந்த முடிவு இல்லை, அளந்த கோல்.

அமெரிக்க உளவியலாளர் மார்வின் சக்கர்மேன் 1964-இல் உருவாக்கிய அளவுகோல் அது. பலமுறை திருத்தப்பட்டு 1978-இல் வந்த ஐந்தாம் வடிவத்தில் 40 கேள்விகள். மலையேற்றம், பாராசூட் என்று போகிற பட்டியலில் குடி, கஞ்சா, மாயக்காட்சி காட்டும் மருந்துகள் பற்றியும் கேள்விகள் இருக்கு. கஞ்சா பிடிக்குமா என்று கேட்டு மார்க் போட்டுவிட்டு, மார்க் கூடினால் கஞ்சாவும் கூடுகிறது என்றால் அது கண்டுபிடிப்பா? கேள்வியே பதிலைத் தூக்கிக்கொண்டு வருது.

சக்கர்மேன் குழுவே பிறகு, 1993 வாக்கில், இந்தக் கேள்விகளை விலக்கி 19 கேள்வி கொண்ட இன்னொரு அளவுகோலைத் தந்தது. 2002-இல் ஹாயிலும் சகாக்களும் வெளியிட்ட எட்டுக் கேள்விச் சுருக்கத்திலும் போதைமருந்து நேரடியாக இல்லை. ஆனால் ஆட்டம்பாட்டமான பார்ட்டி பிடிக்குமா என்ற கேள்வி இருக்கு. அதைச் சனிக்கிழமை ராத்திரி பார் வாசலில் நிற்கிறவரிடம் கேட்டா என்ன சொல்வார்?

அடுத்தது இடம். ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளை மட்டும் வைத்து இரண்டு நோய்களுக்குத் தொடர்பு தேடினால் கணக்கு திரியும் என்று 1946-லேயே ஜோசப் பெர்க்சன் காட்டிவிட்டார். பாரும் அப்படித்தான். கிளர்ச்சி தேடி வந்தவர் ஒருபக்கம்; அந்தச் சுபாவம் இல்லாமலும் வந்திருப்பவருக்கு வேறு காரணம் இருக்கும், அது போதைப்பொருளாகவே இருக்கலாம். அப்போ உண்மையான தொடர்பு சிறுத்தோ தலைகீழாகவோ தெரியலாம். அதாவது ஒரு பிழை எண்ணை ஏற்றுது, இன்னொன்று இறக்குது. கடைசியில் அச்சாகிற எண்ணுக்கு என்ன அர்த்தம்?

இது வெறும் கணக்குச் சண்டை இல்லை. கென்டக்கியில் கஞ்சாவுக்கு எதிரான டிவி விளம்பரங்களை இந்தச் சுபாவமுள்ள இளைஞர்களைக் குறிவைத்தே தயாரித்தார்கள். யார் எந்த வகை என்று இந்த மாதிரிக் கேள்விகள்தான் பிரிக்குது.

எனக்குப் பிடித்த வேலை ஒன்றும் உண்டு. 2011–12-இல் பெர்மன், ஈகன் குழு இணையத்தில் நடத்திய கணக்கெடுப்பு. அதில் அந்தப் 19 கேள்விகளைப் பயன்படுத்தினார்கள். தேறியவர்கள் 1885 பேர். போதைப்பொருள் பட்டியலில் 'செமரான்' என்று, இல்லவே இல்லாத ஒன்றையும் நுழைத்திருந்தார்கள். அதையும் எடுத்ததாகச் சிலர் சொன்னார்கள்! பார் ஆய்வுக்காரர்களும் இதைச் செய்து, அன்றிரவு வீட்டிலேயே இருந்த அதே வயதுக்காரர்கள் கொஞ்சம் பேரையும் விசாரித்தால், நான் பொறுமையாக உட்கார்ந்து படிப்பேன்.