பாவும் பாயும்

ஆரணியில் காற்று வேண்டாத விருந்தாளி. விடியற்காலையில் தறிக்கான பட்டுப் பாவைத் தெருநெடுக நீட்டிப் பிடித்திருக்கும்போது லேசாகக் காற்று கிளம்பினாலும் போதும், இழையோடு இழை சிக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மரக்கிளை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாவைத் தெருவுக்கு எடுப்பார்கள். கமண்டல நாகநதிக் கரையில் அப்படி வளர்ந்தவன் நான். காற்றையே முதலாகப் போட்டுப் பிழைப்பவர்களைத் தொண்டியில்தான் முதலில் பார்த்தேன்.

நண்பர்கள் நால்வரோடு போயிருந்தேன். பாக் விரிகுடாவின் பாய்ப்படகுக்கு 'வத்தை' என்று பெயர். ஒடுங்கிய உடம்பு, அதற்கு மிஞ்சிய பாய். காற்று அடித்தால் கவிழத்தானே வேண்டும்? கவிழாமல் இருப்பதற்குக் குறுக்கே ஒரு நீண்ட பலகை. காற்று வரும் பக்கம் அதை நீட்டி, ஆட்கள் அதன்மேல் ஏறிக் கடலுக்கு மேலே உட்கார்ந்துகொள்கிறார்கள். காற்று கூடினால் நுனிக்கு நகர்கிறார்கள், குறைந்தால் உள்ளே வருகிறார்கள். பாயை மறுபக்கம் திருப்பும்போது பலகையும் பக்கம் மாறும், ஆளும் மாறுவார். மனித உடம்பே தராசுக் கல்லாகும் இந்தக் கலைக்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை. தனியாள் செய்ய முடியாதது அது. பக்கத்தில் இருப்பவன் எப்போது நகர்வான் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். நண்பர்களோடுதான் கடலுக்குப் போக முடியும் என்பது அங்கே பேச்சுக்குச் சொல்வதல்ல.

எங்களுக்குக் காற்றில் வாடை ஒன்றுதான் தெரியும், அதுவும் மார்கழிக் குளிராக. அவர்களுக்குக் கொண்டல் வேறு, கச்சான் வேறு, சோழகம் வேறு. திசைக்கொரு பெயர், பெயருக்கொரு குணம்.

இதே கடலின் எதிர்க்கரையான இலங்கைப் பக்கம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு. மோட்டார் வரும்வரை அந்தத் தீவுகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்தது பாய்தான். அந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தப் பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யே சான்று. வேப்பமரத்தில் எழுந்த, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதைக் கண்டு மயங்கி வாங்கினார். மனைவி பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார். பெயர் மாறினாலும் அதைச் செலுத்திப் போனவர்களில் வல்வெட்டித்துறைக்காரர்கள் இருந்தார்கள். ஏடன், சூயஸ், பெர்முடாத் தீவு வழியாக 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். சூரத்திலிருந்து ஜரிகை வருவதையே தூரம் என்று எண்ணியிருந்த எனக்கு இந்தச் சேதி பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. வேம்பு எங்கள் தெருமுனையிலும்தான் நிற்கிறது.

ஆனால் என் மனதைப் பறிகொடுத்தது நெடும்பயணத்திடம் அல்ல, கிளம்பும் அந்தச் சில நொடிகளிடம். வத்தையைத் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுவந்து, பாய் கட்டிய கழியான பருமலை ஏற்றினார்கள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பேசினால் காது கேட்கவில்லை. பாயின் கீழ்முனைக் கயிற்றைத் தாமான் என்கிறார்கள். பெரியவர் அதை இழுத்தார். சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கியது. பாய் புடைத்துக்கொண்டது. படகின் முன்முனையான அணியம் நீரைக் கிழிக்கும் சலசலப்பு மட்டும். படகு போகிறது என்பதே கரை நகர்வதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தாமானை இறுக்கினால் படகு சாயும், தளர்த்தினால் பாய் மறுபடி படபடக்கும். தறியிலும் இதே கணக்குதான். பாவு தொய்ந்தால் துணி நெகிழும், விறைத்தால் இழை அறும். அளவுகோல் எதுவும் கிடையாது, விரல்தான்.

நண்பர்கள் பலகைக்குப் போய்விட்டார்கள். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தாமானைக் கையில் கொடுத்தார். தறிக்குழியில் உட்கார்ந்து பாவைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தில் கயிற்றை விரலால் தட்டினேன்.

"இன்னும் ஒரு பிடி விடு, தம்பி" என்றார்.