கதையும் கதாசிரியரின் அத்தாட்சியும்

2020ஆம் ஆண்டு ஜனவரியில், ‘கிளார்க்ஸ்வோர்ல்ட்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில், இஸபெல் ஃபால் என்ற, அதுவரை எவரும் கேள்விப்பட்டிராத பெயரில் ஒரு கதை பிரசுரமாயிற்று. தம்மைப் போர் ஹெலிகாப்டராக உணர்வதாகச் சொல்லித் திருநரைப் பரிகசிப்பதற்கென்றே இணையத்தில் உலவிவந்த ஒரு கேலிவாசகத்தை அப்படியே தலைப்பாக ஏற்று, ஒரு பெண்ணின் பாலின உணர்வையே ராணுவம் திருத்தியமைத்து அவளைப் போர்க்கருவியோடு ஒன்றாக்கிவிடும் எதிர்காலத்தைக் கற்பித்த கதை அது. பகைவரின் பரிகாசத்தைப் பறித்துச் சிந்தனைக்குரிய பொருளாக்கும் முயற்சி அது என்பதைப் பொறுமையாக வாசித்தவர் பலர் கண்டுகொண்டனர். ஆனால் தலைப்பைக் கண்ட மாத்திரத்தில் கொதித்தெழுந்தவர்களும், ஆசிரியர் பிறந்தது 1988இல் என்ற குறிப்பில் இருந்த, நாஜிக் குறியீடாகக் கருதப்படும் 88 என்ற எண்ணைக் கொண்டே அவரை நாஜி அனுதாபி என்று சந்தேகித்தவர்களும், அவர் திருநங்கையாக இருக்கவே முடியாது என்று தீர்ப்புச் சொன்னவர்களுமாகச் சேர்ந்து எழுப்பிய கூக்குரலில், சில நாட்களுக்குள் ஆசிரியரின் வேண்டுகோளின்படியே கதை நீக்கப்பட்டது. அவர் திருநங்கைதான் என்பதும், தற்கொலை எண்ணம் மேலிட்டு மனநல மருத்துவமனையில் சேர நேர்ந்தது என்பதும் பின்னரே தெரியவந்தன.

வாசகர் திரண்டு ஆக்ஷேபிக்கும் வழக்கத்தை முற்றிலும் தீதென்று தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழ்த் திரையில் திருநங்கையர் எத்தனை காலம் நகைப்புக்குரிய பாத்திரங்களாக நடமாடினார்கள் என்பதை நாம் அறிவோம். 2015இல் ‘ஐ’ திரைப்படம் வெளிவந்தபோது, அதில் ஒரு திருநங்கைப் பாத்திரம் காட்டப்பட்ட விதத்தைக் கண்டித்துத் திருநங்கையர் சென்னையில் போராட்டம் நடத்தியது, நெடுங்காலம் மௌனமாகச் சகிக்கப்பட்ட ஓர் அநியாயத்தைப் பகிரங்கமாக்கிய நற்செயல். ஃபாலின் தலைப்பைக் கண்டு துணுக்குற்ற திருநர் வாசகரையும் நான் குறை கூற மாட்டேன். பன்முறை காயம்பட்ட ஓரிடத்தில் மறுபடியும் கை படும்போது, தொடுவது மருந்தா ஆயுதமா என்று ஆராய எவருக்கும் அவகாசம் இருப்பதில்லை. எனினும் ‘ஐ’யை எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டியது திரையில் இருந்த ஒரு சித்திரிப்பை; அதை யார் வேண்டுமானாலும் பார்த்து, ஒப்பவோ மறுக்கவோ வழியிருந்தது. ஃபால் விஷயத்திலோ விசாரணை கதையை விட்டுக் கதாசிரியரின் உடலுக்கும் பிறப்புக்கும் தாவிற்று. நான் யார் என்பதை நிரூபித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனை, தம்மை இன்னும் வெளிப்படுத்திக்கொள்ளாத ஒரு திருநருக்கு எழுதாதே என்ற ஆணையாகவே முடிகிறது.

இந்த நிபந்தனையின் வேர் எங்கே ஓடுகிறது என்பதைப் பெங்களூரில் வாழ்கிறவர்கள் எளிதில் உணரலாம். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், சந்தேகத்திற்குரிய திருநங்கையரின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் குறித்துவைக்கப் பணித்தது. அதன் சாயலிலேயே கர்நாடகக் காவல் சட்டத்தில் 2011இல் 36ஏ என்ற பிரிவு நுழைக்கப்பட்டு, உயர்நீதிமன்றத்தில் வழக்கும் நடந்து, 2016இல்தான் திருத்தப்பட்டது. இதற்கிடையே, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. காவல்துறை கேட்கக் கூடாதென்று நாம் வாதாடிய அத்தாட்சியை, நீதியின் பெயரால் வாசகர்களே கேட்பது எனக்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து, பெங்களூரின் ‘சங்கமா’ அமைப்பில் பணியாற்றிய ஏ. ரேவதி, முதலில் தம்மைப் போன்றோரின் வாழ்க்கைகளை ‘உணர்வும் உருவமும்’ என்று தொகுத்தார். பின்னர் எழுதிய தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முந்தி வந்து, அதன் பின்னரே தமிழில் ‘வெள்ளை மொழி’யாயிற்று. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’வும் தன்வரலாறே. இந்நூல்களின் பெருமையில் எனக்குச் சற்றும் சந்தேகமில்லை. ஆயினும் திருநங்கையிடமிருந்து நாம் விரும்பி வாங்குவது துயரத்தின் சாட்சியத்தை மட்டுமே என்பதையும், விபரீதமான, முரட்டுத்தனமான, நம்மை எரிச்சலூட்டும் கற்பனையை அவர்களிடமிருந்து எதிர்பார்ப்பதே இல்லை என்பதையும் இவற்றுக்குக் கிடைத்த வரவேற்பு காட்டிக்கொடுக்கிறது. திருநங்கையல்லாத சு. சமுத்திரத்தால் திருநங்கையரின் வாழ்வை ‘வாடாமல்லி’ என்ற நாவலாகவே எழுத முடிந்தது; அந்தச் சுதந்திரத்தில் பாதியையாவது, அந்த வாழ்வை வாழ்கிறவர்களுக்கு நாம் அளித்திருக்கிறோமா? சாட்சி சொல்கிறவர் உண்மையே பேச வேண்டும். கதை சொல்கிறவருக்கோ பொய்யான மனிதர்களைப் படைக்கவும், வெறுக்கத்தக்க குரலில் பேசவும், தம் சமூகத்தாரையே சங்கடப்படுத்தவும் உரிமை வேண்டும்.

ஃபாலின் கதை 2021இல் ‘ஹெலிகாப்டர் கதை’ என்ற பெயரோடு ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கண்டித்தவர்களில் சிலர் வருத்தமும் தெரிவித்தனர். கதையைப் பற்றி மாறுபட்ட அபிப்பிராயம் கொள்ள இன்றும் இடமுண்டு; அதன் ராணுவ வர்ணனை மிகையென்று நானே கருதுகிறேன். பெங்களூரில் ஒரு திருநங்கையோ திருநம்பியோ நாளை தமிழிலோ கன்னடத்திலோ நம்மைக் கொதிக்கவைக்கும் ஒரு கதையை எழுதினால், கடைசி வரி வரை வாசித்துவிட்டு, எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் மறுத்து எழுதுங்கள்; எழுதியவர் யார் என்று நிரூபிக்கும்படி மாத்திரம் கேளாதீர்கள்.