இரும்புக் கையும் எங்கள் கையும்

காமிக்ஸ் படிப்பது சின்னப்பிள்ளை வேலை, சண்டைப் படம் பார்ப்பது மட்டமான ரசனை என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலரை வெட்கப்பட வைத்துவிட்டார்கள். கூட்டங்களில் பிரெக்ட் பெயர் வரும், ஐசன்ஸ்டீன் பெயர் வரும். இரும்புக்கை மாயாவி பெயர் மட்டும் வராது. அந்த வெட்கத்தை நான் விட்டுவிட்டேன்.

உடன்குடிக்குப் பக்கத்துல எங்க ஊரு. அப்பா கருப்பட்டிச் சிப்பம் சுமந்தார். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டுக்குள்ள இருந்துதான் காமிக்ஸ் எங்க கைக்குக் கிடைச்சது. பாதிக்கு அட்டை இருக்காது, கடைசிப் பக்கம் இருக்காது. முடிவை நாங்களே சொல்லிக்கிடுவோம். எழுத்துத் தெரியாத எங்க அம்மை படத்தைப் பார்த்தே கதை சொல்லிருவா. பள்ளிக்கூடப் புத்தகம் அவளுக்குத் தராத வாசிப்பை அந்தக் கிழிஞ்ச தாள் தந்தது. மட்டம் என்று தள்ளுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரும்புக்கை மாயாவி 1962-ல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் யேசுஸ் பிளாஸ்கோ. 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் அவனோடுதான் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்களுக்கு இது பெரிய அதிசயமாப் படலை. அறுப்பு அறுக்கிற கை, சிப்பம் தூக்குற கை, சாக்கடை அள்ளுற கை ஊருக்கு நல்லாத் தெரியும். அந்தக் கைக்குச் சொந்தக்காரன்தான் தெரியமாட்டான். மாயாவி நினைச்சபோது மறைவான், நினைச்சபோது திரும்பி வருவான். எங்களுக்கு அந்த உரிமை இல்லை. இந்த வித்தியாசம்தான் எங்கள் வாசிப்பு.

ஆனால் ரசிப்பதென்றால் கண்ணை மூடிக்கொள்வதல்ல. லீ ஃபாக் 1936-ல் படைத்த முகமூடி வீரர் மாயாவியைப் பாருங்கள். ஆப்பிரிக்கக் காட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரே வெள்ளைக் குடும்பம், அப்பன் முகமூடி மகனுக்கு. சுற்றிக் காவல் நிற்க பந்தர் குள்ளர்கள். நாங்க விளையாடும்போது எல்லாருக்கும் மாயாவி ஆகத்தான் ஆசை. குள்ளனாக எவனும் வரமாட்டான். மாண்ட்ரேக் விளையாட்டென்றால், "நீதாம்ல கறுப்பா இருக்கே, நீ லொதார்" என்று ஒருத்தனைப் பிடிச்சுத் தள்ளுவோம். தள்ளினவனும் கறுப்புத்தான். நம்மை நாமே வெறுக்க அந்தப் படங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தன.

குதிரைக் கதைகளும் அப்படித்தான். 'லயன் காமிக்ஸ்' டெக்ஸ் வில்லர் நவஹோப் பெண்ணை மணந்தார். சாதி விட்டுச் சாதி கட்டினால் அரிவாள் தூக்குகிற ஊரில் அதைப் படிக்கையில் மனசு குளிர்ந்தது உண்மை. ஆனால் கட்டினவரே கூட்டத்துக்குத் தலைவரும் ஆகிவிடுகிறார். 2010-ல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' படத்திலோ பழங்குடிகள் சிரிப்புக்குத்தான் வருகிறார்கள்.

1997-ல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்தான். டி.வி. இருந்த வீட்டில் எங்களை உள்ளே விடமாட்டாங்க. உலகத்தையே காப்பாத்துறவனை நாங்க ஜன்னலுக்கு வெளியே நின்னுதான் பார்த்தோம்.

மடோன் அஷ்வினின் 'மாவீரன்' (2023) அதனால்தான் எனக்கு முக்கியமான படம். நாயகன் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். குடிசையிலிருந்து அள்ளிக்கொண்டுபோய் அடுக்குமாடியில் போடப்பட்டவன். சுவரைத் தொட்டால் உதிர்கிறது. 2021-ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் சுவர் உதிர்ந்ததை மறக்காதவர்களுக்கு இது வெறும் கதையல்ல. படக்கதை, சண்டைப்படம் இரண்டின் வடிவத்திலும் நம் வீட்டுச் சுவரைப் பேசமுடியும் என்று காட்டியது பெரிய காரியம். குறையும் உண்டு. அவனுக்குத் துணிச்சல் வானத்துக் குரலிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள், குரலாக மாறவில்லை. நம் போராட்டங்களில் குரல் மேலேயிருந்து வந்ததில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2011-ல் வந்த 'பீமாயணம்' அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்கிறது. 1901-ல் மசூர் ரயில் நிலையத்தில் அவரும் மற்றப் பிள்ளைகளும் பட்ட அவமானம் அதில் வருகிறது. வரைந்த துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் இருவரும் பர்தான் கோண்டுகள். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்பான பேச்சு பறவை வடிவத்தில் வருகிறது, விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. கட்டம் கட்டித்தான் படக்கதை என்ற சட்டத்தையே உடைத்துவிட்டார்கள்.

ஊர் என்றும் சேரி என்றும் கோடு போட்டு அடைக்கப்பட்ட நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நம்மிடம் கவிதை வந்தது, நாவல் வந்தது, தன்வரலாறு வந்தது. படக்கதை இன்னும் போதுமான அளவு வரவில்லை. தேரிமண்ணையும் பனங்காட்டையும் சிப்பம் தூக்குகிறவன் முகத்தையும் வரைய நம் பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்கிக் கொடுங்கள். எழுத்துத் தெரியாத எங்க அம்மையும் அதைப் படிப்பா.