மாடு மாடுதானே, டீச்சர்?
குவார்க் மோட் காட்டும் விலங்கு வேறுபாடுகள்: ஒரு திறனாய்வு



திறனாய்வு என்றால் கவிதையையோ நாவலையோ எடுத்துப் பேசுவதுதான் நம் வழக்கம். இந்த முறை நான் ஒரு வீடியோ கேமை எடுத்திருக்கிறேன். சிலருக்கு இது விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இதற்குள் நுழைய வைத்தது ஒரு கட்டுரை நோட்டுதான்.

படிவம் ஐந்தில் வருணனைக் கட்டுரை ஒன்று கொடுத்திருந்தேன். தலைப்பு, ‘நான் சென்று வந்த தோட்டம்’. ஜாசின் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், “அங்குப் பல மாடுகள் மேய்ந்து கொண்டிருந்தன. அவை மிகவும் அழகாக இருந்தன” என்று எழுதியிருந்தார். பிழை ஒன்றுமில்லை, ஆனால் கண் முன்னே ஒரு மாடும் வந்து நிற்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்: “என்ன மாதிரி மாடு தம்பி?” அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாடு மாடுதானே, டீச்சர்?”

அதே மாணவர் ஒரு வாரம் கழித்து மடிக்கணினியைத் திறந்து மைன்கிராஃப்ட் விளையாட்டைக் காட்டினார். “டீச்சர், இங்க பாருங்க. இந்த மோட் போட்டா எந்த மாடும் ஒரே மாதிரி இருக்காது!” அவர் குரலில் அவ்வளவு உற்சாகம். தோட்டத்தில் நேரில் பார்த்த மாட்டில் தெரியாத வேறுபாடு, திரையில் உள்ள மாட்டில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது எப்படி? இந்தக் கேள்விதான் என்னை அந்த மோட் பக்கம் இழுத்தது.

மோட் என்றால் என்ன?

ஒரு விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அல்லாத வேறொருவர், அதன்மேல் சேர்த்துக்கொள்ளும்படி எழுதித் தரும் கூடுதல் நிரலே மோட். மைன்கிராஃப்டை உருவாக்கியது சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள மோஜாங் நிறுவனம். முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியது. குவார்க் என்பது வாஸ்கி என்ற புனைபெயரில் இயங்கும் நிரலாளர் தொடங்கிய மோட். மூல விளையாட்டின் சுவையைக் கெடுக்காமல் சின்னச் சின்ன மாற்றங்களைச் சேர்ப்பதே அதன் கொள்கை. வேண்டாத அம்சத்தை நாமே அணைத்துவிடலாம்.

அந்த அம்சங்களில் ஒன்றுதான் விலங்குகளின் தோல் வேறுபாடு. மூல விளையாட்டில் நீண்ட காலம் எல்லாப் பசுவுக்கும் ஒரே தோல், எல்லாப் பன்றிக்கும் ஒரே இளஞ்சிவப்பு, எல்லாக் கோழிக்கும் ஒரே வெள்ளை. ஆட்டுக்கு மட்டும் நிறங்கள் இருந்தன. 2013இல் குதிரை வந்தபோது 7 நிறம், 5 வகைக் குறி என்று 35 தோற்றங்கள் கிடைத்தன. பாவம், பசு மட்டும் அப்படியே நின்றது. குவார்க் அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது. பசு, பன்றி, கோழி முதலியவற்றுக்குப் பல தோல்களை வரைந்து வைத்து, ஒவ்வொரு விலங்குக்கும் ஒன்றைப் போர்த்திவிடுகிறது. சில விலங்குகளில் மிக அரிய ‘பளபளப்பு’த் தோலும் உண்டு. இயல்பு அமைப்பில் அதன் வாய்ப்பு 2048இல் ஒன்று.

எதில் வெற்றி?

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்த மோட் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டு வருகிறது. பத்துப் பசுவும் ஒன்றுபோல் இருந்தால் கண் அவற்றை எண்ணிக்கையாகத்தான் பார்க்கும். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, ஒன்றில் திட்டு என்று வந்துவிட்டால் கண் நின்று பார்க்கும். நம் மாணவர் நின்று பார்த்தார். எனக்கும் காட்ட ஓடி வந்தார்.

இன்னொன்று அடக்கம். வரைந்த கை மூல விளையாட்டின் கட்டம் கட்டமான பாணியை மீறவில்லை. புதுத்தோல் மாடு பழைய மாட்டோடு ஒட்டி நிற்கிறது. அலங்காரம் கூடிப்போய்ப் பொருள் மறைந்துவிடும் கட்டுரைகளைத் திருத்தும் நமக்கு இந்த அடக்கத்தின் அருமை தெரியும்.

எதில் குறை?

குறை, அந்தத் தோல் எப்படித் தேர்வாகிறது என்பதில் இருக்கிறது. விளையாட்டில் தோன்றும் ஒவ்வொரு விலங்குக்கும் கணினி ஒரு தனி அடையாள எண் தருகிறது. குவார்க் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுத் தோலைத் தேர்ந்தெடுக்கிறது. தாய் எது, தந்தை எது, ஊர் எது என்று பார்ப்பதில்லை. கறுப்புப் பசுவையும் கறுப்புப் பசுவையும் சேர்த்தாலும் கன்று எந்த நிறத்திலும் வரலாம். பக்கத்து வேலியில் நிற்கும் மாட்டுக்கும் அதற்கும் உறவு இருப்பதாகத் தோற்றம் சொல்லாது. வேறுபாடு இருக்கிறது, வம்சம் இல்லை.

உண்மை மாட்டின் நிறமோ அதன் வயதையும் வழியையும் சொல்லும். தமிழ்நாட்டின் காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பார்த்தே கன்றின் வயதைக் கணிப்பவர்கள் உண்டு. குவார்க் கன்று எந்தத் தோலோடு தோன்றியதோ அதே தோலோடுதான் வளரும். வளர்ந்த பின்னும் எல்லாப் பசுவும் ஒரே மாதிரிதான் நடக்கும், ஒரே மாதிரிதான் பால் தரும்.

இங்கே மோஜாங் நிறுவனமே பிறகு செய்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் ஓநாய்க்கு 8 புதிய தோற்றங்களைச் சேர்த்தார்கள். 2025 மார்ச்சில் வந்த 1.21.5 பதிப்பில் பசு, பன்றி, கோழி மூன்றுக்கும் வெப்பநிலம், குளிர்நிலம், மிதநிலம் என மூன்று வகை வைத்தார்கள். குளிர்நிலப் பசுவுக்கு அடர்ந்த ரோமம். வெப்பநிலப் பசுவுக்குச் செந்நிறமும் பெரிய கொம்பும். கன்று, பெற்றோர் இருவரில் ஒருவரின் வகையைப் பெறும். குளிர்நிலக் கோழி நீல முட்டை இடும், வெப்பநிலக் கோழி பழுப்பு முட்டை இடும். தோல்களின் எண்ணிக்கை பெரிதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம் இருக்கிறது, ஒரு வழி இருக்கிறது. நிலத்தை வைத்து உயிர்களைப் பிரிக்கும் திணை மரபைப் படித்த நமக்கு இது புதிதில்லை. இந்த ஓர் இடத்தில் மூல விளையாட்டு மோடை முந்திவிட்டது என்பதே என் கணிப்பு.

பெயர் எங்கே?

ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. தோல் மாறினாலும் விளையாட்டு அதைப் ‘பசு’ என்றுதான் அழைக்கிறது. கண்ணுக்கு வேறுபாடு கிடைக்கிறது, நாக்குக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் நம் மாணவர் ஓடிவந்து “இது வேற மாதிரி, அது வேற மாதிரி” என்று விரலால் காட்டினாரே தவிர, ஒரு சொல்லும் அவரிடம் இல்லை.

நம் இலக்கியம் இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றிருக்கிறது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவும் களத்துக்கு வரும் காளைகள் நிறத்தாலும் புள்ளியாலும் தனித்தனியே அடையாளம் காட்டப்படும். முக்கூடற்பள்ளில் நெல்வகை, மீன்வகையோடு மாட்டுவகைக்கும் நீண்ட பட்டியல் உண்டு. கொம்பின் வளைவு, உடலின் மறை, குளம்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியலையே உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் சொல்லித்தான் தொடங்குகிறார். படம் இல்லாத காலத்தில் சொல்லே தோலைப் போர்த்தியது. காரி என்றால் கறுப்பு, செவலை என்றால் சிவப்பு, மயிலை என்றால் சாம்பல் கலந்த வெள்ளை, கபிலை என்றால் பழுப்பு. நெற்றியில் வெள்ளைக் குறி இருந்தால் சுட்டி. கேட்டவுடன் மாடு வந்து நின்றுவிடும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவி ‘மயிலைப் பசு’ என்று கட்டுரையில் எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘பேச்சு வழக்கு வேண்டாம், வெள்ளைப் பசு’ என்று திருத்தினேன். என் தாத்தாவே ஜாசின் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்தவர். அவர் ‘மயிலை’ என்று கூப்பிட்டதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஆனாலும் பரீட்சைத் தாளில் அந்தச் சொல் எனக்குத் தப்பாகத் தெரிந்தது. அகராதியைப் புரட்டியிருந்தால் அது அங்கே இருந்திருக்கும். அந்த மாணவி அடுத்த கட்டுரையிலிருந்து ‘வெள்ளைப் பசு’ என்றே எழுதினார். இன்று ‘மாடு மாடுதானே’ என்று கேட்கும் தலைமுறையை உருவாக்கியதில் என் சிவப்பு மைக்கும் பங்கு இருக்கிறது.

இது சும்மா பழம்பெருமை பேசும் விஷயம் இல்லை. நம் முன்னோரோடு இந்தியாவிலிருந்து மாடுகளும் இந்நாட்டுக்கு வந்தன. பல இனங்கள் கலந்து உருவான அந்த மாட்டுக்கு ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்றே கால்நடைத் துறையில் பெயர். கலப்பு என்பதால் அதற்கு ஒரே நிறம் கிடையாது. கொட்டகைக்குக் கொட்டகை வேறு மாடு, வேறு பெயர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து மக்கள் டவுனுக்கு மாறினார்கள், கொட்டகைகள் குறைந்தன. இன்று மலாக்கா என்றால் சுற்றுலாப் படத்தில் கூரை வளைந்த மாட்டு வண்டி வரும். அதை இழுப்பது என்ன மாடு என்று யாரும் கேட்பதில்லை. கொட்டகை போனால் அதோடு சொல்லும் போகும்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மைன்கிராஃப்டில் விலங்குக்குப் பெயர் சூட்டப் பெயர்ப்பட்டை என்று ஒரு பொருள் உண்டு. குவார்க் பண்ணையில் உள்ள ஒவ்வொரு மாட்டுக்கும் அதன் தோலைப் பார்த்து ஒரு தமிழ்ப் பெயர் வைத்து வாருங்கள், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டே வைக்க வேண்டும் என்று அந்த மாணவரிடமும் நண்பர்களிடமும் சொன்னேன். அவர் தன் தாத்தாவிடம் மடிக்கணினியைக் காட்டியிருக்கிறார். தாத்தா திரையைப் பார்த்தே நான்கு பெயர் சொன்னாராம். ஐந்தாவது மாட்டைப் பார்த்து, “இதுக்கு ஒரு பேரு இருக்குய்யா… வாயில வரமாட்டேங்குது” என்றாராம். நோட்டில் நான்கு பெயரும் ஒரு காலியிடமும் இருந்தன. அந்தக் காலியிடத்தை நான் திருத்தவில்லை.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு மூன்று குறிப்புகள்:

1. வருணனைக் கட்டுரையில் ‘அழகான’, ‘பல’ என்ற சொற்கள் வந்தால் நிறுத்துங்கள். என்ன நிறம், என்ன வடிவம், எங்கே நின்றது என்று கேட்டு, குறிப்பான ஒரு சொல்லைப் போடுங்கள். ‘பல மாடுகள் மேய்ந்தன’ என்பதைவிட ‘கொம்பு வளைந்த செவலை ஒன்று வரப்போரம் மேய்ந்தது’ என்பது கண்ணில் நிற்கும்.

2. வட்டாரச் சொல் எல்லாம் கொச்சைச் சொல் அல்ல. ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். இது ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான்.

3. வீடியோ கேம் பற்றி வாதக் கட்டுரை எழுதினால் ‘நேர விரயம்’, ‘கண் கெடும்’ என்பதோடு முடிக்காதீர்கள். எடுத்துக்கொண்ட விளையாட்டு என்ன செய்ய முயல்கிறது, அதில் எவ்வளவு செய்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று கேளுங்கள். எந்தப் படைப்பைத் திறனாய்வு செய்தாலும் இந்த மூன்று கேள்வியும் உதவும்.

முடிவாக என் தீர்ப்பு: குவார்க்கின் விலங்கு வேறுபாடு நல்ல முயற்சி, வம்சமும் நிலமும் இல்லாததால் அரை முயற்சி. கண்ணைத் திறக்கும் வேலையை அது செய்துவிட்டது. பெயர் வைக்கும் வேலையை ஸ்டாக்ஹோமில் இருப்பவர்களிடமோ மோட் எழுதுபவரிடமோ எதிர்பார்க்க முடியாது. அது நம் வேலை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் மாட்டுப் பெயர் ஏதேனும் கிடைத்தால் இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். அந்தத் தாத்தாவுக்கு வாயில் வராத ஐந்தாவது பெயர் உங்கள் வீட்டில் இருக்கலாம்.