வண்டு எங்கே போய்க்கொண்டிருந்தது?

லிடியன் நாதஸ்வரம் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு ஓர் எண்தான் ஞாபகம் வரும்: 325. 2019-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நடத்திய 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டிக்குச் சென்னையிலிருந்து போன 13 வயதுப் பையன், 'ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ' என்ற துண்டை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்தார். பிறகு அதையே 325-ல் வாசித்தார். நடுவர்கள் எழுந்து நின்றார்கள். அந்த மார்ச் மாதம் பட்டமும் பத்து லட்சம் டாலரும் அவருக்குக் கிடைத்தன. அந்த வீடியோ நம்ம வாட்ஸப் குழுக்களில் எத்தனை தடவை சுற்றியது என்று கணக்கே கிடையாது.

நானும் பலமுறை பார்த்திருக்கிறேன், வாயைப் பிளந்துகொண்டுதான். ஆனா ஒரு கேள்வி ரொம்ப நாளா இருக்கு. அந்த ஒரு நிமிடத்தில் நாம கேட்டது இசையா, ஸ்பீடாமீட்டரா?

ஒரு சின்னக் கணக்கு. இந்தத் துண்டில் ஒரு தட்டுக்கு நான்கு சுரம். 208-ல் வாசித்தால் நொடிக்குச் சுமார் 14 சுரம். 325-ல் கிட்டத்தட்ட 22. அதாவது ஒரு சுரத்துக்குக் கிடைக்கிற நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த எல்லைக்குப் பக்கத்தில் நம்ம காது சுரங்களைத் தனித்தனியாக எண்ணுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே இழுப்பாக வாங்கிக்கொள்ள ஆரம்பிக்கிறது. வாசிக்கிற விரலுக்கும் அதே நெருக்கடிதான். ஒரு சுரத்தைக் கொஞ்சம் அழுத்தி அடுத்ததை மெல்ல விட அங்கே அவகாசமே இல்லை. 208-ல் வண்டு நெருங்கி வருவதும் விலகிப் போவதும் கேட்கிறது. 325-ல் எனக்கு அது கேட்கவில்லை. வண்டுக்குப் பதிலா ஒரு மோட்டார் ஓடுது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று சொல்லியாகணும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்குப் பியானோ மேல் உள்ள பழைய குறை, அதில் கமகம் கிடையாது என்பது. கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், அடுத்த கட்டையில் அடுத்த சுரம், நடுவில் வழுக்கிப் போக வழியில்லை. சிக்கில் குருசரணின் பாட்டோடு அனில் ஸ்ரீநிவாசன் பியானோ வாசிக்கும்போது, வளைவுகளைக் குரலுக்கு விட்டுவிட்டுத் தான் நின்று ஒலிக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வார். நல்ல தீர்வு அது. லிடியனின் 325-ல் வேறொன்று நடக்கிறது. பன்னிரண்டு சுரத்தானங்களும் அடுத்தடுத்து அந்த வேகத்தில் வரும்போது படிகள் கரைந்து, வளையவே முடியாத வாத்தியம் வளைவது போல ஒரு மயக்கம் வருது. வேகத்துக்கு இசை சார்ந்து ஏதாவது நியாயம் உண்டென்றால் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். (அவர் பெயரே ஒரு மேற்கத்திய மோடின் பெயர். லிடியன் மோடின் சுரங்களை வரிசையாக வாசித்தால் நம்ம கல்யாணி வரும்.)

சரி, அந்த வண்டு எங்கே போகுது? இதை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. 'ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ' தனியாக எழுதப்பட்ட வித்தைத் துண்டு அல்ல. 1900-ல் மாஸ்கோவில் அரங்கேறிய ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'சார் சல்தானின் கதை' என்ற ஓப்பராவில் வரும் ஓர் இடையிசை. கதை புஷ்கினுடையது. ராஜா ஊரில் இல்லாதபோது ராணியையும் பிறந்த குழந்தையையும் சதி செய்து ஒரு பீப்பாயில் அடைத்துக் கடலில் எறிந்துவிடுகிறார்கள். பீப்பாய் ஒரு தீவில் ஒதுங்குகிறது. பையன் பீப்பாய்க்குள்ளேயே வளர்ந்துவிட்டிருக்கிறான். அப்பாவின் நாட்டுக்குப் போகும் கப்பல் கண்ணில் படுது, ஆனா அவன் போக முடியாது. அவன் காப்பாற்றிய அன்னம் ஒன்று அவனை வண்டாக மாற்றிவிடுகிறது. கடலில் போகும் கப்பலைத் துரத்திக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் பறக்கிறான். நாம கேட்கிற இசை அந்தப் பறத்தல்தான்.

இதை நான் ஜெகதாப்பட்டினத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஈசிஆரில் கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் பக்கத்தில் இருக்கும் விசைப்படகு ஊர் இது. எதிரே பாக் நீரிணை, அந்தப் பக்கம் இலங்கை. எல்லை தாண்டினதா கடற்படை பிடித்துக்கொண்டு போன படகு, யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிற அப்பா, இதெல்லாம் இங்கே செய்தித்தாளில் மாதத்துக்கு ஒருமுறையாவது வருகிற விஷயம். பியானோவுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை, இந்த உப்புக்காத்தில் அதன் கம்பிகள் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அப்பாவைப் பார்க்க ஒரு பையன் வண்டாக மாறுகிறான் என்று சொன்னால், இங்கே யாருக்கும் பொழிப்புரை தேவைப்படாது. ரிம்ஸ்கி-கோர்சகோவே இளம் வயதில் ரஷ்யக் கடற்படையில் இருந்து, கப்பலில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பல நாடுகளுக்குப் போய்வந்தவர். கடல் தெரிந்த ஆள் எழுதிய இசை இது.

அந்தப் பதைப்புக்காகத்தான் இசை வேகமாக இருக்கிறது. போட்டியில் அந்தப் பதைப்பு கழன்று விழுந்து வேகம் மட்டும் மிஞ்சியது. இதற்கு லிடியனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நிமிடத்தில் உலகத்தையே நிமிரவைக்கணும் என்று கேட்கிற மேடையில், டைக்வாண்டோ குழுவோடு மோத வேண்டிய பையன் வேறென்ன செய்வார்? ரெண்டு பியானோவை ஒரே நேரத்தில் வாசிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பது எல்லாம் அந்த மேடைகளின் மொழி. என் புகார் நம்ம மேல்தான். நாமளும் அதே மொழியில் 'தமிழன்டா' போட்டுவிட்டு நகர்ந்துட்டோம்.

அந்த 325 எங்கிருந்து வந்ததென்று யோசித்தால் சங்கதி இன்னும் மாறும். பியானோ கற்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறைதான். ஒரு கையை மட்டும் வைத்து, நாலே நாலு பாரை, மெட்ரோனோமை 60-ல் வைத்து வாசிக்கணும். தப்பில்லாமல் வந்தால் 64. தப்பினால் மறுபடி 60. அப்புறம் அடுத்த கை. அப்புறம் ரெண்டு கையும். இப்படி மணிக்கணக்கா, வருஷக்கணக்கா. மீன்பிடித் தடைக்கால 61 நாளில் எங்க ஊர்க் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கண் கண்ணாகச் சரிபண்ணுகிறவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை. வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இளம் பியானோக்காரரின் அன்றாடமும் அப்படித்தான். அவருடைய ஒரு நாளில் 325 ஒருசில நொடிதான், மிச்சமெல்லாம் 60, 64, 68.

பிறகு லிடியன் செய்தவை இதனாலேயே எனக்கு முக்கியமாகப் படுது. உலகப் பட்டம் வாங்கிய பிறகு இளையராஜாவிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 'குரோமாட்டிக் கிராமாட்டிக்' என்று சொந்தமாக ஆல்பம் போட்டார். 2024-ல் மோகன்லால் இயக்கிய 'பரோஸ்' படத்துக்கு இசையமைத்தார். இவற்றில் எதைப் பற்றியாவது, நல்லதோ கெட்டதோ, தமிழில் ஒரு நீண்ட விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை. அதிசயச் சிறுவனைக் கொண்டாட நமக்கு ஆளிருக்கு, இருபது வயது இசையமைப்பாளரை உட்கார்ந்து கேட்க ஆளில்லை. ஓர் இளம் கலைஞருக்கு இதைவிடக் கஷ்டமான இடம் இருக்க முடியாது. பாராட்டு முழுக்கப் பின்னால் கிடக்கு, வேலை முழுக்க முன்னால் இருக்கு.

அந்தப் பழைய வீடியோவை இன்னொரு தடவை பார்ப்பீர்கள் என்றால், யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கிவிட்டுக் கேளுங்கள். 325 பாதியானால் 162 சொச்சம். ஆர்க்கெஸ்ட்ராக்கள் இதை வழக்கமாக வாசிக்கிற வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒலி கொஞ்சம் சிதையும், பரவாயில்லை. சுரங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழும். கீழே இடது கை போடும் சின்னச் சின்ன அடிகளைக் கவனியுங்கள், அது அலை. மேலே வண்டு தாழ்ந்து வருவதும் எழும்புவதுமாக இருக்கும், கடைசியில் உச்சிச் சுரங்களுக்கு ஏறி மறையும். கப்பல் அப்போதும் கரைக்கு வந்திருக்காது.