‘ம்’ கொட்டுவோர் இல்லாத உரை: தமிழ் வலையொலிகளின் மொழி

1. முன்னுரை

வானொலியைக் கேட்டவர் எல்லாரும் வானொலியில் பேசிவிட இயன்றதில்லை. நிலையம், உரிமம், குரல்தேர்வு ஆகியன கேட்பவரையும் பேசுபவரையும் பிரித்து நிறுத்தின. வலையொலியில் அத்தடைகள் இல்லை. செல்பேசியில் பிறர் தொடர்களைக் கேட்டுப் பழகிய ஒருவர் அதே செல்பேசியில் தம் குரலைப் பதிந்து தமக்கென ஒரு தொடரை வெளியிடலாம். அவ்வாறு கேட்பவர் பேசுபவராக மாறும்போது எதிர்கொள்ளும் முதற் சிக்கல் கருவியைச் சார்ந்ததன்று. எந்தத் தமிழில் பேசுவது என்பதே அச்சிக்கல். கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் தனியே நீண்ட நேரம் பேசுவதற்கு ஆயத்தமான நடை எதுவும் தமிழில் இல்லை. இதற்குத் தமிழ் வலையொலிகள் கண்டுள்ள தீர்வுகளையும் அவற்றின் குறைகளையும் இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது.

2. பெயர்

‘பாட்காஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் இடம்பெற்றது. ஐபாட் என்னும் கருவியின் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதியும் இணைந்த கலப்புச்சொல் இது. ஆப்பிள் நிறுவனம் 2005 ஜூன் மாதத்தில் ஐடியூன்ஸ் மென்பொருளில் இத்தொடர்களைச் சேர்த்தபின் சொல்லும் பொருளும் பரவலாயின. ஐபாட் உற்பத்தி 2022இல் கைவிடப்பட்டது, சொல் நிலைத்துவிட்டது.

தமிழில் ‘பாட்காஸ்ட்’ என்னும் கடன்சொல்லும் ‘வலையொலி’ என்னும் ஆக்கச்சொல்லும் வழங்குகின்றன. வலைத்தளம், வலைப்பூ ஆகியவற்றின் ஒப்புமையில் அமைந்த ‘வலையொலி’ எழுத்தில் குறையற்றது. ஆனால் லகர ளகர வேறுபாட்டைப் பேச்சில் பேணாதவர் வாயில் அது ‘வளையொலி’யுடன் மயங்கும். காதால் மட்டுமே பெறப்படும் ஊடகத்தின் பெயர் கண்ணை நம்பி ஆக்கப்பட்டுள்ளது. எழுத்தை முன்வைத்துப் பேச்சை எண்ணும் இதே பழக்கம் வலையொலிகளின் நடையிலும் தொடர்வதைக் காணலாம்.

3. மூவகைப் பேச்சு

எர்விங் காஃப்மன் 1981இல் வெளியிட்ட பேச்சின் வடிவங்கள் பற்றிய நூலில் வானொலிப் பேச்சை ஆராயும்போது மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். மனப்பாடமாக ஒப்பித்தல், உரக்க வாசித்தல், அவ்வப்போது எண்ணிப் பேசும் புதுப்பேச்சு என்பன அவை. வாசிப்பைப் புதுப்பேச்சாகத் தோன்றச் செய்வது ஒலிபரப்பாளரின் திறன்களுள் ஒன்று என்பது அவர் கருத்து.

தமிழ் வலையொலிகளை இவ்வடிப்படையில் வகைப்படுத்தலாம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ போன்ற புதினங்களை வாசித்தளிக்கும் தொடர்களில் எழுத்து வழக்கு இயல்பாகவே பொருந்துகிறது. நூல் வாசிக்கப்படுகிறது என்பதைக் கேட்பவர் அறிவார். இருவர் அல்லது மூவர் கூடி உரையாடும் தொடர்களில் பேச்சு வழக்கு தானே அமைந்துவிடுகிறது. சிக்கல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வகையில், அதாவது ஒருவர் தனியே ஒரு பொருளை விளக்கும் உரையில் எழுகிறது. புதிதாகத் தொடங்குவோர் பலர் தேர்ந்தெடுப்பதும் இவ்வகையையே. உடன் பேச ஆள் தேவையில்லை என்பது இதற்கு ஒரு காரணம். அவர்கள் கேட்டுப் பழகிய ஆங்கிலத் தொடர்களின் செல்வாக்கு மற்றொரு காரணம். 2014இல் வெளிவந்து பீபடி விருது பெற்ற ‘சீரியல்’ என்னும் அமெரிக்கத் தொடர் தன்மை இடத்தில் ஒருவர் நின்று நிகழ்வுகளை எடுத்துரைக்கும் முறையைப் பரப்பிற்று.

ஆங்கிலத்தில் இம்முறைக்குத் தரப்படும் அறிவுரை, பேசுவதுபோல் எழுதுக என்பதாகும். வினைகளின் சுருக்க வடிவங்களைப் பயன்படுத்தியும் வாக்கியங்களைக் குறுக்கியும் ஆங்கிலத்தில் இதனைப் பெரும்பாலும் நிறைவேற்றிவிடலாம். ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலவும் தமிழில் இவ்வறிவுரை ஓர் இலக்கணத்தை விட்டு மற்றோர் இலக்கணத்தை மேற்கொள்ளச் சொல்வதாகும். அறிவுரை மொழிபெயர்க்கப்பட்டது, அதன் விலை மொழிபெயர்க்கப்படவில்லை.

4. எழுதிய பேச்சு

பேச்சு வழக்கில் எழுதி வாசிக்கப்படும் உரையில் இரு குறைகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

முதலாவது ஒலியியல் சார்ந்தது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதை ‘வந்துட்டிருக்காங்க’ என எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. ஆயினும் சொல்லிறுதி மூக்கொலிகள் பேச்சில் மூக்கொலியுயிர்களாக மாறுவதைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. ‘மரம்’, ‘அவன்’ என்றே எழுதப்படுகின்றன. எழுத்தைப் பார்த்து வாசிப்பவர் அம்மகரத்தையும் னகரத்தையும் முழுமையாக ஒலித்துவிடுகிறார். விளைவாக, வினைமுற்று பேச்சு வழக்கிலும் பெயர்ச்சொல் எழுத்து வழக்கிலும் ஒலிக்கும் கலப்பு நடை தோன்றுகிறது. இக்கலப்பை எந்தத் தமிழரும் வீட்டில் பேசுவதில்லை.

இரண்டாவது தொடரியல் சார்ந்தது. இயல்பான பேச்சில் வினைமுற்றுக்குப் பின்னும் தொடருறுப்புகள் வரும். ‘நேத்து வந்தாரு, ஊர்லேருந்து, எங்க மாமா’ என்பது போன்ற அமைப்பில் செய்தி சிறு சிறு கூறுகளாகக் கேட்பவரைச் சென்றடைகிறது. எழுதுபவரின் கை இவ்வமைப்பை ஏற்பதில்லை; பெயரெச்சங்களை அடுக்கி வினையை இறுதிக்குத் தள்ளுகிறது. சொல்வடிவங்கள் பேச்சினுடையனவாகவும் தொடரமைப்பு கட்டுரையினுடையதாகவும் அமைகின்றன. கேட்பவர் திரும்பிச் சென்று படிக்க இயலாதவர் என்பதால் இது வெறும் நடைக்குறை அன்று, பொருள் விளங்காமைக்கே காரணமாகிறது.

பதிவைத் திருத்தும் பணியிலும் மொழியியல் முடிவுகள் அடங்கியுள்ளன. ‘வந்து’, ‘அது என்னன்னா’, ‘பாத்தீங்கன்னா’ போன்றவை வெற்றுச் சொற்களாகக் கருதப்பட்டு வெட்டப்படுகின்றன. இவற்றை அளவின்றிப் பயன்படுத்துவது சலிப்பூட்டும் என்பது உண்மையே. எனினும் ‘அது என்னன்னா’ என்பது அடுத்து வரும் செய்திக்குக் கேட்பவரை ஆயத்தப்படுத்தும் கருத்தாடற்குறி. பழைய உரையாசிரியர்கள் ‘யாதெனின்’, ‘என்னையெனின்’ என வினாவி விடை கூறியதும் இதே பயன் நோக்கியே. அனைத்தையும் வெட்டிய பதிவு விரைவாகச் செல்லும். ஆனால் கேட்பவர் மூச்சு விட இடம் இராது.

5. ‘ஆம்’ ஈற்றின் இழப்பு

மேற்கூறியவற்றினும் கவனத்திற்குரியது கேள்விப்பட்டதைக் குறிக்கும் ‘ஆம்’ என்னும் ஒட்டின் நிலை. தமிழ்க் கதைசொல்லலில் ராஜா ‘இருந்தாராம்’, புலி ‘வந்துச்சாம்’. தாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பேசுபவர் வினையிறுதியிலேயே பிரித்துக் காட்டிவிடுகிறார். எழுத்து வழக்கு இதற்குக் ‘கூறப்படுகிறது’ போன்ற தொடர்களைக் கையாளுகிறது. எழுதிய பேச்சில் இவை கனமானவையாகத் தோன்றுவதால் நீக்கப்படுகின்றன. ‘ஆம்’ பாட்டிக் கதைக்குரியது என ஒதுக்கப்படுகிறது. எஞ்சுவது ‘அவன் உள்ளே போனான், கதவைச் சாத்தினான்’ என்னும் நேர்க்கூற்று.

குற்ற நிகழ்வுகளையும் வரலாற்றையும் எடுத்துரைக்கும் தொடர்களில் இவ்விழப்பு வெறும் அழகியல் குறையாக நிற்பதில்லை. சான்று உள்ளதும் இல்லாததும் ஒரே வினைமுற்றில் முடிகின்றன. தனியார் பண்பலை நிலையங்கள் அகில இந்திய வானொலியின் செய்திகளை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு செய்யலாம் என்ற அளவிலேயே 2011ஆம் ஆண்டுக் கொள்கை இசைவளித்தது. பொதுச் செய்திகளைப் பேச்சுத் தமிழில் விரித்துரைக்கும் களமாக வலையொலி அமைந்ததை இச்சூழலில் நோக்க, தமிழ் தன்னிடமே வைத்திருக்கும் சான்றுக்குறியைக் கைவிடுவது பொறுப்பையும் கைவிடுவதாகிறது.

6. காணாத அவை

ஆலன் பெல் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், நியூசிலாந்தில் ஒரே செய்தி வாசிப்பாளர்கள் இரு வேறு நிலையங்களுக்கு வாசிக்கும்போது அவர்தம் ஒலிப்பு வேறுபடுவதைச் சுட்டி, பேசுபவர் தம் நடையைக் கேட்போருக்கேற்ப வடிவமைக்கிறார் என நிறுவினார். ‘அவையறிதல்’ என்னும் அதிகாரத்தைத் திருக்குறளில் கற்றவர்க்கு இக்கருத்து புதியதன்று. வலையொலியாளருக்கோ அவையே தெரிவதில்லை.

தமிழ் மரபில் தனியுரை எனக் கருதப்படுவனவும் உண்மையில் தனியுரைகள் அல்ல. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் கதை சொல்ல, உடனிருப்போர் ‘ஆமா’ போடுகின்றனர். குழந்தைக்குக் கதை சொல்பவர் ‘ம் கொட்டு’ எனக் கேட்டுப் பெறுகிறார். ‘ம்’ நின்றால் கதையும் நிற்கும். இம்மறுமொழியே அடுத்த வாக்கியத்தின் நீளத்தையும் வேகத்தையும் முடிவு செய்கிறது. இருவர் பேசும் தொடர்கள் மொழிநடையில் இயல்பாக அமைவதன் காரணமும் இதுவே. ஒருவர் ‘ம்’ கொட்ட மற்றவர் சொல்கிறார்.

தனியுரையாளர் இவ்விடத்தை ‘நண்பர்களே’, ‘மக்களே’ போன்ற விளிகளால் நிரப்ப முயல்கின்றனர். இவை மேடைக்குரிய பன்மை விளிகள். வலையொலியைக் கேட்பவரோ பெரும்பாலும் காதில் கருவியைப் பொருத்திய ஒருவர். ஒருவரைக் கூட்டமாக்கி விளிக்கும் இம்முரண், தொடரின் எஞ்சிய பகுதியையும் மேடைப்பேச்சாக்கிவிடுகிறது. குறிப்புகளை மட்டும் முன்வைத்துக்கொண்டு, எதிரே ஒருவரை இருத்தி அவரிடம் சொல்லிப் பதிவு செய்யப்பட்ட உரைகளில் விளி குறைகிறது, ‘ஆம்’ ஈறு திரும்புகிறது, வினைக்குப் பின் வரும் உறுப்புகளும் திரும்புகின்றன. எதிரே இருந்தவரின் குரல் பதிவில் வேண்டுவதில்லை. அவர் இருந்ததன் தடம் இலக்கணத்தில் நிற்கும்.

7. பதிவும் எழுத்துப்பெயர்ப்பும்

கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட இசைத்தட்டுப் பதிவுகளில், மொழிபெயர்க்கப்பட்ட ஊதாரி மகன் உவமை ஒரு பொதுப் பாடமாக இருந்தது. பேச்சைப் பதிய வந்த கருவி மொழிபெயர்ப்பையும் பதிந்தது. வலையொலிகள் வழியாக இன்று பேச்சுத் தமிழ் பெருமளவில் பதிவாகிறது. அப்பதிவும் எழுதி வாசிக்கப்பட்டதாகவே அமையுமானால், பிற்கால ஆய்வாளருக்குக் கிடைப்பது எழுத்தின் நிழல் மட்டுமே.

பேச்சிலும் ஒரு பொது வழக்கு உருவாகி வருவதை ஹரால்ட் ஷிஃப்மன் 1998இல் விளக்கினார். வலையொலி அதனை மேலும் உறுதிப்படுத்தக்கூடும். அவ்வாறாயின் கொங்குத் தமிழின் ‘ஏனுங்க’வும் யாழ்ப்பாணத் தமிழின் ‘வாறியள்’ போன்ற வடிவங்களும் நகைச்சுவைக்கு மட்டும் உரியனவாகிவிடும் என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. பொருளாதாரத்தையோ மருத்துவத்தையோ இவ்வழக்குகளில் விளக்கும் தொடர்களே இதற்குச் சரியான மறுமொழியாகும்.

மொழிபெயர்ப்பாளரின் பங்கும் இங்குண்டு. ஆப்பிள் நிறுவனம் 2024 மார்ச்சில் வலையொலிகளுக்கு எழுத்துப்பெயர்ப்பு வசதியைத் தொடங்கியபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளே இடம்பெற்றன. தமிழுக்கு எழுத்துப்பெயர்ப்பு செய்பவர் ‘வந்துட்டிருக்காங்க’ என்று கேட்டு ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதுவாராயின், அவர் செய்வது படியெடுத்தல் அன்று, மொழிபெயர்த்தல். அதில் ‘ஆம்’ விடுபடின், கூறியவர் கூறாத உறுதி ஒன்று எழுத்தில் ஏறிவிடும்.

8. முடிவுரை

வலையொலி தொடங்குவோருக்கு ஒலிவாங்கி, அறை, மென்பொருள் பற்றிய வழிகாட்டல்கள் மிகுதி. மொழி பற்றிய வழிகாட்டல் அரிது. எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்னும் பழைய வழக்காடல் இங்குப் பெரிதும் உதவாது. யாரிடம் பேசுகிறோம் என்பது தெளிந்தால் வழக்கு தானே தெளியும். நேற்றுவரை கேட்பவராக இருந்தவருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. பிறர் உரையைக் கேட்கையில் தாம் எந்த இடத்தில் ‘ம்’ கொட்டினோம், எந்த இடத்தில் கவனம் சிதறினோம் என்பதை அவர் அறிவார். அவ்வறிவைத் தம் உரைக்குள் கொண்டுவருபவரே கேட்கத்தக்க வலையொலியை ஆக்குகிறார்.